தோசைத் தவாவும் 153 மாடுகளும்

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலை. தட்டில் விழுந்த தோசையில் மிளகு மாதிரி கருப்பா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்தது. நம்ம வீட்ல மிளகு தோசை எல்லாம் போடற வழக்கம் இல்லையேன்னு யோசிச்சுக்கிட்டே ஒரு விள்ளல் வாயில் போட்டாச்சு. அப்புறம்தான் உள்ளேயிருந்து தங்கமணியின் குரல்: "ஏங்க, அந்தத் தோசையச் சாப்பிடாதீங்க, தவா உரியுது!"

முழுங்கினது முழுங்கினதுதான்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து இந்த நான்ஸ்டிக் சமாசாரத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். நமக்கு ஏதாவது ஆயிடுமோங்கற சுயநலம்தான். அதுக்குப் பதில் அஞ்சே நிமிஷத்தில் கிடைச்சுடுச்சு (கீழே சொல்றேன், பயப்படாதீங்க). ஆனா படிப்பு அதோட நிக்கலை. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மாட்டுக்காரர், அவருக்காக வாதாடின ஒரு வக்கீல், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ன 69,000 பேர்னு எங்கெங்கேயோ இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பம் 1938. நியூ ஜெர்ஸியில் டூபாண்ட் கம்பெனியின் ஜாக்சன் ஆய்வுக்கூடம். ராய் பிளங்கெட்னு 27 வயசுப் பையன் ஃப்ரிட்ஜுக்கான குளிர்விப்பு வாயு ஒண்ணைத் தேடிக்கிட்டு இருந்தார். ஏப்ரல் 6-ம் தேதி காலை ஒரு சிலிண்டரைத் திறந்தா வாயு வரலை. காலி ஆயிடுச்சோன்னு எடை போட்டா எடை அப்படியே இருக்கு. நாமளா இருந்தா ரெண்டு தட்டு தட்டிட்டு ஓரமா வெச்சிருப்போம். பிளங்கெட்டும் உதவியாளரும் சிலிண்டரை அறுத்தே பார்த்துட்டாங்க. உள்ளே மெழுகு மாதிரி வழவழன்னு ஒரு வெள்ளைப் பொடி. அமிலத்துக்கும் அசையலை, சூட்டுக்கும் அசையலை, எதோடயும் ஒட்டலை. அதுதான் டெஃப்லான். (அந்தப் பேரு வந்தது 1945-ல்.) அதுக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை சமையல் இல்லை, அணுகுண்டு. மன்ஹாட்டன் திட்டத்தில் யுரேனியம் ஹெக்சாஃப்ளோரைடுங்கற, எல்லாத்தையும் அரிச்சுத் தள்ளும் வாயுவைக் கையாள, குழாய் இணைப்புகளில் இதைத்தான் பயன்படுத்தினாங்க.

அணுகுண்டிலிருந்து அடுப்புக்கு வந்த கதை கொஞ்சம் கலகலப்பானது. பிரான்ஸில் மார்க் கிரெகுவார்னு ஒரு இஞ்சினியர், மீன்பிடி சாமான்களில் சிக்கு விழாம இருக்க டெஃப்லானைப் பூசிப் பார்த்துக்கிட்டு இருந்தார். அவரோட மனைவி கோலெட், 'தூண்டிலுக்குப் பூசறதை என் வாணலிக்குப் பூசக் கூடாதா'ன்னு கேட்டிருக்காங்க. 1956-ல் டெஃபால் கம்பெனி பிறந்தது. டெஃப்லானில் பாதி, அலுமினியத்தில் பாதி, அவ்வளவுதான் அந்தப் பேரு. தங்கமணி சொல் மந்திரம்னு சும்மாவா சொன்னாங்க :-)

இதுவரைக்கும் எல்லாம் சுபம். வில்லன் வேற பக்கத்திலிருந்து வர்றான்.

டெஃப்லானைத் தண்ணியில் கலந்து தயாரிக்கும்போது அது கட்டி கட்டியாச் சேர்ந்துக்கும். சேராம பரவலாப் பிரிச்சு வைக்க சோப்பு மாதிரி ஒரு வஸ்து வேணும். அதை 3எம் கம்பெனி தயாரிச்சுது. டூபாண்ட் 1951-லிருந்து வாங்க ஆரம்பிச்சுது. முழுப் பேரு பெர்ஃப்ளோரோஆக்டனாயிக் அமிலம். பல்லு சுளுக்கிக்கும்கறதால தொழிற்சாலையில் எல்லாரும் சி-8னு கூப்பிட்டாங்க. வரிசையா எட்டு கார்பன் அணு, அதைச் சுத்தி ஃப்ளோரின். கார்பனும் ஃப்ளோரினும் கைகோத்தா கரிம வேதியியலிலேயே அதுதான் ரொம்ப உறுதியான பிணைப்பு. வெயில், மழை, மண்ணுல இருக்கற பாக்டீரியா, நம்ம கல்லீரல், யாராலயும் அதை உடைக்க முடியாது. பார்வைக்குக் கொழுப்பு அமிலம் மாதிரியே இருக்கறதால உடம்பு ஏமாந்துடும். ரத்தத்தில் இருக்கற புரதத்தோட ஒட்டிக்கும். சிறுநீரகம் வெளியே அனுப்பாம திரும்ப உள்ளேயே இழுத்துக்கும். இன்னிக்கு உள்ளே போனதில் பாதி வெளியேறவே ரெண்டிலிருந்து நாலு வருஷம் ஆகும். அதுக்குள்ள மறுபடியும் மறுபடியும் உள்ளே போய்க்கிட்டே இருந்தா? கூட்டு வட்டி மாதிரிதான்.

சி-8க்கு ஒரு சகோதரனும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் 3எம் ஆய்வுக்கூடத்தில் ஒரு திரவம் உதவியாளரின் கான்வாஸ் ஷூவில் சிந்திடுச்சு. ஷூ முழுக்க அழுக்கானாலும் அந்தச் சொட்டு விழுந்த இடம் மட்டும் பளிச்சுன்னு இருந்தது. பாட்ஸி ஷெர்மன், சாம் ஸ்மித் ரெண்டு பேரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஸ்காட்ச்கார்ட் பிறந்தது. சோபா, கார்ப்பெட், மழைக்கோட்டு, அப்புறம் பீட்சா டப்பா, மைக்ரோவேவ் பாப்கார்ன் பை, தீயணைப்பு நுரைன்னு இந்தக் குடும்பம் (இப்போ மொத்தமா பிஃபாஸ்னு சொல்றாங்க) வீடு வீடா நுழைஞ்சது. எண்ணெய் ஒட்டாது, தண்ணி ஒட்டாது, கறை ஒட்டாது. நம்ம மேல மட்டும் ஒட்டிக்கும்.

எனக்குத் தூக்கம் கெட்டது அடுத்த பகுதியைப் படிச்சப்பதான். யாருக்கு என்ன தெரியும், எப்போ தெரியும்கற பகுதி. 1961-லேயே டூபாண்டின் சொந்த நச்சியல் ஆய்வாளர்கள், எலி, முயல்களின் கல்லீரல் இதனால் வீங்குதுன்னு கண்டுபிடிச்சு, ரொம்ப ஜாக்கிரதையாக் கையாளணும்னு எழுதி வெச்சாங்க. 1975-ல் வாரன் கை, டொனால்ட் டேவ்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிகள், ரத்த வங்கியிலிருந்து எடுத்த சாதாரண ஜனங்களின் ரத்தத்தில் ஏதோ ஒரு ஃப்ளோரின் சேர்மம் இருக்கேன்னு 3எம்-க்குப் போன் போட்டுக் கேட்டாங்க. 3எம் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடுச்சு. பிற்காலத்தில் அதே கம்பெனி, ஒப்பிட்டுப் பார்க்க இந்த ரசாயனம் இல்லாத சுத்த ரத்தம் வேணும்னு தேடியிருக்கு. எந்த ரத்த வங்கியிலும் கிடைக்கலை. கடைசியில் கிடைச்சது கொரியப் போர் காலத்து ராணுவத்தினரிடம் எடுத்துச் சேமிச்சு வெச்சிருந்த பழைய மாதிரிகளில். இந்தப் பொருட்கள் சந்தைக்கு வர்றதுக்கு முந்தின ரத்தம்.

1981-ல் சினை எலிகளுக்கு சி-8 கொடுத்தா குட்டிகளின் கண்ணில் குறை வருதுன்னு 3எம் டூபாண்டுக்குத் தகவல் சொன்னது. டூபாண்ட் உடனே டெஃப்லான் பிரிவில் வேலை பார்த்த பெண்களை வேற இடத்துக்கு மாத்திட்டு, அவங்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பத்தி விசாரிச்சுது. ஏழு பிரசவத்தில் ரெண்டு குழந்தைகளுக்குக் கண்ணில் குறை. ஒரு குழந்தைக்கு ஒரே நாசித் துவாரம். நியாயமாச் சொல்லணும்னா, பிற்பாடு அமைந்த அறிவியல் குழு பிறவிக் குறைபாட்டுக்கும் சி-8க்கும் தொடர்பு இருக்கும்னு சொல்லலை. ஏழு பேரை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனா 1981-ல் அவங்களுக்கு அது தெரியாதே. பெண்களை நகர்த்தற அளவுக்குப் பயம் இருந்தது, அந்தப் பெண்கள்ட்டயும் ஊர்க்காரங்கள்ட்டயும் முழுசாச் சொல்ற அளவுக்கு மனசு இல்லை.

1984-ல் டூபாண்ட் ஆட்கள் ரகசியமா ஊர்க் குழாய்த் தண்ணியைப் பிடிச்சு வந்து சோதிச்சாங்க. ஒஹையோ ஆத்துக்கு ரெண்டு கரையிலும், லிட்டில் ஹாக்கிங், லூபெக் ரெண்டு ஊர்லயும், சி-8 இருந்தது. கூட்டம் போட்டுப் பேசினாங்க. தொடர்ந்து பயன்படுத்தறதுன்னு முடிவாச்சு. இதெல்லாம் நடந்தது மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊரில். அங்கேதான் டெஃப்லான் தொழிற்சாலை. ஊர்ல பாதிப்பேருக்குச் சோறு போட்டதும் அதுதான். இதை மறந்துட்டு மீதிக் கதையைப் புரிஞ்சுக்க முடியாது.

இப்போ நம்ம மாட்டுக்காரர். வில்பர் டெனன்ட். பார்க்கர்ஸ்பர்க் பக்கத்தில் அண்ணன் தம்பிங்க எல்லாருமாச் சேர்ந்து மாடு வளர்த்துக்கிட்டு இருந்தாங்க. அவரோட சகோதரர் ஜிம் டூபாண்டில் கூலி வேலை. பணமுடை வந்தப்போ, 1980-களின் தொடக்கத்தில், 66 ஏக்கரைக் கம்பெனிக்கே வித்தார். கம்பெனி அங்கே குப்பைக் கிடங்கு போட்டுது. சாதாரணக் குப்பைதான்னு சொன்னாங்க. ஆனா தொழிற்சாலைக் குட்டைகளிலிருந்து வாரின 7,100 டன் சி-8 சேறு அங்கேதான் போய்ச் சேர்ந்தது. கிடங்கிலிருந்து வழிஞ்ச ஓடையின் பேரு ட்ரை ரன். டெனன்ட் மாடுகள் தண்ணி குடிச்சது அந்த ஓடையில்.

ஓடையில் நுரை. மாடுகளுக்கு வாயில் கயிறு கயிறா எச்சில், பல்லு கருத்துப்போச்சு, மேல சொட்டை சொட்டையா முடி கொட்டுச்சு. கன்னுக்குட்டிகள் செத்துச் செத்துப் பிறந்தது. சாதுவா இருந்த மாடுகள் வளர்த்தவரையே முட்ட வந்தது. உள்ளூர் மாட்டு டாக்டர்கள், வக்கீல்கள், அரசாங்க ஆபீஸ்கள், எங்கேயும் பதில் இல்லை. மனுஷன் ஒரு வீடியோ கேமராவை வாங்கினார். செத்த மாட்டைத் தானே கத்தியால் அறுத்து, நுரையீரல் இப்படி இருக்கு, இதயம் இப்படி இருக்குன்னு பேசிக்கிட்டே படம் பிடிச்சார். மொத்தம் 153 மாடுகள்.

கிராமத்துல மாடு வெச்சிருந்த குடும்பத்துல பிறந்தவன் நான். ஒரு மாடு செத்தா வீட்ல ரெண்டு நாளைக்குச் சரியா அடுப்பு எரியாது. 153 மாடு.

1998 அக்டோபரில் வில்பர், சின்சினாட்டியில் இருந்த ராப் பிலாட்ங்கற வக்கீலுக்குப் போன் பண்ணார். நம்பர் கொடுத்தது பக்கத்துப் பண்ணைக்காரங்க. பிலாட்டோட பாட்டி அந்தப் பக்கத்து ஊர். சின்ன வயசுல லீவுக்குப் போய் அந்தப் பண்ணையில் பால் கறந்து விளையாடிய பையன். வேடிக்கை என்னன்னா, பிலாட் வேலை பார்த்தது ரசாயனக் கம்பெனிகளுக்காக வாதாடற பெரிய வக்கீல் நிறுவனத்தில்.  பாட்டி ஊர்க்காரர்னு பார்த்தார், வீடியோவைப் பார்த்தார், கேஸை எடுத்துக்கிட்டார்.

1999-ல் வழக்கு. டூபாண்டும் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஆளுக்கு மூணு கால்நடை மருத்துவர்களைப் போட்டு ஆராய்ஞ்சு, மாடு வளர்த்த விதம்தான் சரியில்லைன்னு அறிக்கை கொடுத்தாங்க. தீவனம் சரியில்லையாம், மருத்துவம் சரியில்லையாம், ஈ ஓட்டலையாம். வில்பருக்கு எப்படி இருந்திருக்கும்!

2000-ல் பிலாட் கண்ணில் தற்செயலா ஒரு கடிதம் பட்டுது. அதில் அவர் கேள்விப்படாத ஒரு ரசாயனத்தோட பேரு. அது சம்பந்தமான எல்லாக் காகிதமும் வேணும்னு கோர்ட் மூலமாக் கேட்டார். டூபாண்ட் அனுப்பினது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பக்கம், பெட்டி பெட்டியா. இவ்வளவையும் எவன் படிக்கப்போறான்னு நினைச்சிருப்பாங்க போல. இவர் ஆபீஸ் தரையில் உட்கார்ந்து மாசக்கணக்கில் படிச்சு, தேதிவாரியா அடுக்கினார். மேலே சொன்ன 1961, 1981, 1984 எல்லாம் பெரும்பாலும் அந்தப் பெட்டிகளிலிருந்து வெளியே வந்ததுதான். டெனன்ட் குடும்பத்தோட சமரசம் ஆச்சு. ஆனா இதுக்குள்ள விஷயம் மாட்டிலிருந்து மனுஷங்களுக்கு வந்துடுச்சு. அதே தண்ணியை 70,000 பேர் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. 2001-ல் ஊர்க்காரங்க சார்பா பொது வழக்கு.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் 2004-ல் வருது. டூபாண்ட் 7 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு, தண்ணி வடிகட்டும் நிலையங்களும் கட்டிக் கொடுக்கணும். பணத்தைத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுத்துட்டு கேஸை மூடியிருக்கலாம். நம்மூர் ஞாபகம் வருதா? பிலாட் தரப்பு அதைச் செய்யலை. அந்தப் பணத்தை வெச்சு ஊர் முழுக்க ரத்தப் பரிசோதனை செய்யறதுன்னு முடிவு. ரத்தம் கொடுத்து, உடம்பு விவரங்களையும் சொல்றவங்களுக்கு ஆளுக்கு 400 டாலர். அஞ்சு பேர் குடும்பம்னா 2,000 டாலர். யார் வருவாங்கன்னு சந்தேகப்பட்டவங்க உண்டு. 2005-லயும் 2006-லயும் கிட்டத்தட்ட 69,000 பேர் வந்தாங்க.

ஒப்பந்தத்தில் இன்னொரு பெரிய சூதாட்டமும் இருந்தது. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட மூணு நோய்ப்பரவல் நிபுணர்கள் இந்த ரத்தத்தை ஆராய்வாங்க. எந்த நோய்க்கும் சி-8க்கும் தொடர்பு இல்லைன்னு அவங்க சொன்னா, ஜனங்க அதோட வீட்டுக்குப் போயிடணும், அந்த நோய்க்காக யாரும் வழக்குப் போட முடியாது. தொடர்பு இருக்கலாம்னு சொன்னா, 'சி-8னால இந்த நோய் வராது'ன்னு டூபாண்ட் கோர்ட்டில் வாதாட முடியாது. ரெண்டு பக்கமும் வழி அடைச்சாச்சு. பிலாட்டோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. மூணு விஞ்ஞானிகள் கையை விரிச்சா அவர் கட்சிக்காரங்க அத்தனை பேருக்கும் கதவு சாத்தினது அவராத்தான் இருக்கும்.

ஏழு வருஷம் ஆச்சு. காத்திருந்த நேரத்தில் ஜனங்க செத்தாங்க. வில்பர் டெனன்ட் 2009-ல் மாரடைப்பில் போயிட்டார், ரெண்டு வருஷம் கழிச்சு அவர் மனைவி புற்றுநோயில். முடிவைப் பார்க்க அவங்க இல்லை. 2012-ல் குழு வேலையை முடிச்சப்போ ஆறு நோய்களுக்குத் தொடர்பு இருக்கலாம்னு சொல்லியிருந்தது: சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண் நோய், கர்ப்பகால ரத்த அழுத்தம், அதிகக் கொலஸ்ட்ரால். அந்த ஊர்க்காரங்க ரத்தத்தில் சி-8 அளவின் நடுமட்டம் 28 நானோகிராம், ஒரு மில்லிலிட்டருக்கு. மத்த அமெரிக்கர்களுக்கு அப்போ சுமார் 4.

மீதியைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 2005-ல் தகவலை மறைச்சதுக்காக அரசு டூபாண்டுக்குப் போட்டது 1 கோடியே 65 லட்சம் டாலர். அந்த முகமை வரலாற்றிலேயே பெரிய அபராதம்னு பீத்திக்கிட்டாங்க. கம்பெனி அந்த வருஷம் இந்த ரசாயனத்தால சம்பாதிச்ச லாபத்தில் அது 2 சதவீதம்கூட இல்லை. 2017-ல் சுமார் 3,550 தனி வழக்குகளுக்கு 67 கோடி டாலர். 2023-ல் குடிநீர் அமைப்புகளுக்கு 3எம் 1,030 கோடி டாலர் தர ஒத்துக்கிச்சு. அதே வருஷம் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சி-8ஐப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு முதல் பிரிவில் சேர்த்தது. 2024-ல் அமெரிக்கா குடிநீரில் அதுக்கு வெச்ச வரம்பு லட்சம் கோடியில் 4 பங்கு. அஞ்சு ஒலிம்பிக் நீச்சல் குளத்துல ஒரு சொட்டு.

ஒரு விஷயம் மட்டும் கடுப்பாவே இருக்கு. 2000-ல் 3எம் 'நாங்க இதை நிறுத்தறோம்'னு அறிவிச்சுது. சரி, ஒழிஞ்சுதுன்னு பார்த்தா, டூபாண்ட் 2002-ல் வட கரோலினாவில் தானே தயாரிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் சி-8ஐ விட்டுட்டு ஜென்எக்ஸ்னு இன்னொண்ணு வந்தது. 2017-ல் பார்த்தா அந்த ஊர் கேப் ஃபியர் ஆத்துல ஜென்எக்ஸ். ரவுடியை ஊரைவிட்டுத் துரத்தியாச்சு, தம்பி அங்கேயேதான் இருந்திருக்கான். டப்பாவில் 'பிஎஃப்ஓஏ இல்லாதது'ன்னு பச்சைக் கலர்ல போட்டிருக்கறதோட அர்த்தம் இவ்வளவுதான்.

நல்ல சேதியும் உண்டு. 1999-க்கும் 2018-க்கும் நடுவுல அமெரிக்கர்கள் ரத்தத்தில் சி-8 அளவு சுமார் 70 சதவீதமும், ஸ்காட்ச்கார்ட் ரகத்து பிஎஃப்ஓஎஸ் 85 சதவீதமும் குறைஞ்சிருக்கு. குழாயை மூடினா வாளி நிறையறது நிக்கும்.

டெஃபால் பிறந்த பிரான்ஸ் நாட்டிலே 2025 பிப்ரவரியில் சட்டம் கொண்டுவந்தாங்க, அழகுசாதனம், துணிமணிகளில் பிஃபாஸ் கூடாதுன்னு. மசோதாவில் முதல்ல வாணலியும் இருந்தது. 2024-ல் டெஃபால் தொழிலாளர்கள் பாரிஸுக்கு வந்து, எங்க வேலை போயிடும்னு கொடி பிடிச்சாங்க. வாணலிக்கு விலக்கு. பார்க்கர்ஸ்பர்க் ஊர்க்காரங்களும் பிலாட்டை இப்படித்தான் முறைச்சாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியலை.

சரி, முழுங்கின தோசை. உரிஞ்சு வர்ற டெஃப்லான் துணுக்கு வயித்துல கரையாது, எதோடயும் சேராது, வந்த வழியே போயிடும். சி-8 தயாரிப்பில்தான் பயன்பட்டுது, முடிஞ்ச தவாவில் மிச்சம் இருந்தது ரொம்பக் கொஞ்சம். ஆபத்து தவா வாங்கினவங்களைவிட, தொழிற்சாலைத் தண்ணியைக் குடிச்சவங்களுக்குத்தான். வீட்ல கவனிக்க வேண்டியது சூடு. 260 டிகிரி தாண்டினா பூச்சு சிதைய ஆரம்பிக்கும். இன்னும் மேலே போனா வர்ற புகையில் கூண்டுக் கிளி, லவ் பேர்ட்ஸ் எல்லாம் செத்துப்போகும், நமக்குக் குளிர்காய்ச்சல் மாதிரி வரும். கல்லு காயட்டும்னு வெறும் தவாவை முழுத் தீயில் வெச்சுட்டு சீரியல் பார்க்கப் போறவங்களுக்காகச் சொன்னேன். (எங்க வீட்ல இல்லை. எங்க வீட்ல இல்லவே இல்லை.)

ஊர்ல இருந்து அம்மாவோட இரும்புத் தோசைக்கல் வந்தாச்சு. முதல் நாள் நாலு தோசை கொத்து பரோட்டா மாதிரி வந்தது. அம்மா போன்லயே, "வெங்காயத்தைப் பாதியா அறுத்து நல்லெண்ணெயில முக்கித் தேய்டா"ன்னாங்க. மூணாம் நாள் சரியாயிடுச்சு.

பழைய தவாவை என்ன பண்றதுன்னு தெரியாம, பழைய இரும்பு வாங்கறவர் வந்தப்போ கொண்டுபோய்க் காட்டினேன். கையில தூக்கிப் பார்த்துட்டு, "அலுமினியம் சார், எடைக்கு எடுத்துக்கறேன்"னார். மேல இருக்கற இந்தக் கருப்புப் பூச்சை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "அது ஒண்ணுமில்ல சார், உருக்கறப்போ தானா எரிஞ்சு போயிரும்"னார்.

திரும்பக் கொண்டுவந்து பரண்ல போட்டுட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கு.